இரண்டாவது இடது இறக்கை

நவம்பர் பதினைந்தாம் தேதி, சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் ஆண்பிள்ளை எவனும் இருக்கமாட்டான். மான் வேட்டை தொடங்கும் நாள். பள்ளிக்கூடம் மூடியிருக்கும், முடிதிருத்தும் கடை மூடியிருக்கும். போதகர்கூட முந்தின ஞாயிறு பிரசங்கத்தைச் சுருக்கிவிட்டுத் துப்பாக்கிக்கு எண்ணெய் போடப் போய்விடுவார். அதனால்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன்.

போர் முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. தம்பி உர்ஹோ கூட்டாளிகளின் காரில் காட்டுக்குப் போயிருந்தான். அவனுடைய டிரக்கை எடுத்துக்கொண்டேன். பின்னால் ஒரு கைரம்பம், பக்கத்து இருக்கையில் ஒரு பிளாஸ்க் காபி. பகல் இரண்டு மணிக்குப் பழைய விமானத் திடலின் வாசலுக்கு வந்து சேர்ந்தேன்.

வாசலில் ஓர் எடைமேடை உண்டு. உள்ளே போகும் வண்டியும் வெளியே வரும் வண்டியும் அதன்மேல் ஏறி நிற்க வேண்டும். சாமான் கடத்தாமலிருக்க இராணுவம் வைத்த விதி. இராணுவம் போய்விட்டது, விதி போகவில்லை. காவலாள் பெலாங்கர் தன் குடிசையிலிருந்து நொண்டிக்கொண்டே வந்து, ரம்பத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன ஐலி, ஊரே துப்பாக்கியத் தூக்கிட்டுப் போயிருக்கு, நீ ரம்பத்தத் தூக்கிட்டு வர்ற? மரத்துல கொம்பு மொளச்சிருக்கா?"

"நீங்க வேட்டைக்குப் போகலியா?"

"இந்த முழங்கால வெச்சுக்கிட்டா? என்னப் பாத்தா மான் சிரிச்சே செத்துடும். தோட்டா மிச்சம்." எடைக்கோலில் குண்டை நகர்த்தினார். "மூவாயிரத்து முந்நூத்தி எம்பது பவுண்டு. உன்னையும் சேத்துத்தான், கோவிச்சுக்காத."

"உள்ள அந்த கிளைடர் இன்னும் இருக்கில்ல?"

"திங்கக்கெழமை வரைக்கும். கோழிப்பண்ணைக்காரன் ஒருத்தன் வந்து பிரிச்சு எடுத்துட்டுப் போறான். ஏன், உனக்கு ஒரு துண்டு வேணுமா? ஞாபகத்துக்கா?"

"ஞாபகத்துக்குத்தான்."

அவர் சாவியைக் கொடுத்தார். கொடுத்தபின் கையை உடனே எடுக்கவில்லை.

"அது உள்ள இருக்கற பெரிய எடைமேடை மேலதான் நிக்குது. முள்ளு ஆடினா பயந்துக்காத. காத்தடிச்சா ஆடும்."

"காத்து அடிக்காதப்ப?"

தொப்பியின் காதுமடல்களை இழுத்துவிட்டுக்கொண்டார். "காத்து அடிக்காதப்ப நான் அந்தப் பக்கமே போறதில்ல."

கொட்டகையின் சிறிய கதவைத் திறந்ததும் முதலில் வாசனைதான் வந்தது. அளவு மீறிப் பழுத்த வாழைப்பழமும் நகப்பூச்சும் கலந்ததுபோல. பலகைமேல் போர்த்திய இறக்கைத் துணி விறைப்பாக நிற்பதற்காகப் பூசும் பூச்சின் வாசனை. இரண்டு வருஷம் என் தலைமுடியிலும் தலையணையிலும் அது இருந்தது. ஏறக்குறைய மூன்று வருஷமாக யாரும் தொடாத ஓர் இடத்தில் அது அவ்வளவு புதிதாக இருந்திருக்கக் கூடாது.

உயரத்தில் இருந்த ஜன்னல்கள் வழியாகப் பனிநாளின் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. நிழலே விழாத வெளிச்சம். அதன் நடுவில் அது நின்றது. சின்ன தேவாலயம் ஒன்றுக்கு இறக்கை வைத்ததுபோல.

சோதனைக்காகச் செய்தவை இரண்டே இரண்டு. எஞ்சின் கிடையாது. நாற்பது சிப்பாய்களை உள்ளே உட்கார வைத்து, வேறொரு விமானம் கயிறு கட்டி இழுத்துப் போகும். எதிரி நாட்டு வயலுக்கு மேலே கயிற்றை அவிழ்த்துவிடுவார்கள். பிறகு சத்தமில்லாமல் இறங்க வேண்டியதுதான். தேவாலய பெஞ்சுகள் செய்துகொண்டிருந்த எங்கள் தொழிற்சாலைக்கு அந்த வேலை வந்தது. முதலாவது, பறப்பதற்கு. இரண்டாவது, உடைப்பதற்கு. இரண்டாவதன் இறக்கைமேல் மணல் மூட்டைகளை அடுக்கிக்கொண்டே போய், எந்த எடையில் முறிகிறது என்று பார்ப்பார்கள்.

பறப்பதற்குச் செய்தது போய்விட்டது. உடைப்பதற்குச் செய்தது முழுசாக நிற்கிறது.

நான் இறக்கைப் பிரிவின் பரிசோதகி. ஒட்டுப்பலகையைச் சட்டத்தின்மேல் ஒட்டி மூடிய பிறகு உள்ளே இருப்பதை யாராலும் பார்க்க முடியாது. அதனால் மூடுவதற்கு முன் நான் பார்ப்பேன். சரியென்றால் என் முத்திரையைக் குத்துவேன். இருபத்தேழாம் எண். அந்த இருபத்தேழை நம்பித்தான் மற்ற எல்லோரும் வேலை செய்தார்கள்.

பெண்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. மூடும் முன் உள்ளே, விலாச்சட்டத்தில், பென்சிலால் ஒரு வரி எழுதுவார்கள். சிப்பாய்க்கு ஒரு வாழ்த்து, மேஸ்திரிக்கு ஒரு வசவு, எதுவானாலும். யாரும் படிக்கப் போவதில்லை என்பதால் எல்லோரும் உண்மையையே எழுதினார்கள்.

1943 நவம்பர் பதினான்காம் தேதி இரவு, இரண்டாவது இடது இறக்கையை ஒட்டினோம். உடைக்கப்போகும் விமானத்துக்கு உரியது. பசை காயும்வரை கூடத்தில் எழுபது பாரன்ஹீட் சூடு இருக்க வேண்டும், விடியும்வரை. பாய்லர் பொறுப்பு என் தம்பி உர்ஹோவுடையது. நடுச்சாமத்துக்கு மேல் அவன் கூட்டாளிகள் வாசலில் வந்து ஹாரன் அடித்தார்கள். வேட்டையின் முதல் விடியலைத் தவறவிட எங்கள் ஊர் ஆணால் முடியாது. காலைவரை தாங்கும் என்று நினைத்து கரியை அள்ளிப் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

தாங்கவில்லை. மூன்று மணிக்கே குளிர் கூடத்துக்குள் வந்து எங்களோடு உட்கார்ந்துகொண்டது. பசை மேஜையில் என் எதிரே இம்பி இருந்தாள். பத்து வயதிலிருந்து என் தோழி. விரல்களை வாயில் வைத்து ஊதிக்கொண்டே விலாச்சட்டத்தில் எழுதினாள்: *ஐலி, காபி கொண்டுவாடி, விரல் மரத்துப்போச்சு.* சிரித்தோம். பலகையை மூடினோம்.

விடிந்தபோது வெப்பமானி நாற்பதைக் காட்டியது. இன்னும் எட்டு இறங்கியிருந்தால் வாளித் தண்ணீர் உறைந்திருக்கும். பதிவுத் தாளில் நான் எழுபது என்று எழுதினேன். அதன்கீழே இருபத்தேழைக் குத்தினேன். போர்க்கால வேலையைப் போட்டுவிட்டுப் போனவனுக்குச் சிறை என்று எல்லோருக்கும் தெரியும். அவன் மனைவிக்கு அது எட்டாம் மாதம். மேலும், உடைக்கப்போகிற இறக்கைதானே. உடைந்தால் என்ன?

இதை எனக்கு நானே எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்று கணக்கில்லை.

ஜனவரியில் இரண்டு இடது இறக்கைகளும் பூச்சுக்கு வந்தன. சாக்பீஸால் எழுதியிருந்த எண்களை யாரோ துணியை நனைத்துத் துடைத்துவிட்டார்கள். அடுத்த நாள் வேறு யாரோ எண்களைத் திரும்ப எழுதியிருந்தார்கள். ஒன்று, இரண்டு. எதைப் பார்த்து எழுதினார்கள் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்டால், ஏன் கேட்கிறாய் என்பார்கள். நான் கேட்கவில்லை.

பிப்ரவரியில் பறப்புச் சோதனைக்கு வந்த லெப்டினன்ட் வில்காக்ஸ் ஒரு வேடிக்கை செய்தார். முத்திரை குத்துகிறவர்கள் ஒன்பது பேரின் எண்களையும் சீட்டு எழுதித் தொப்பியில் போட்டார். "அம்மணிகளா, பாஸ் போட்டவங்கள்ல ஒருத்தர் எங்ககூட ஏறணும். அப்பதான் எங்களுக்கும் தூக்கம் வரும்." எல்லோரும் கை தட்டினார்கள். தொப்பியிலிருந்து இருபத்தேழு வந்தது.

எனக்குப் பல்வலி என்று சொன்னேன்.

"பல்லுதானடி வலிக்குது, கண்ணு நல்லாத்தான இருக்கு?" என்றாள் இம்பி. "சரி, உன் கோட்டக் குடு, உன் நம்பர் வில்லையக் குடு. நான் போறேன். வைக்கோல் பரணுக்கு மேல நான் எங்கடி ஏறியிருக்கேன்?"

நான் கோட்டைக் கழற்றிக் கொடுத்தேன். பொத்தானைப் போட்டுவிட்டதும் நான்தான்.

புறப்படும் முன் விமானத்தை எடைமேடையில் நிறுத்துவார்கள். வெற்று எடையைக் கழித்து முள்ளைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டால், பிறகு ஏற்றும் சுமை மட்டும் தெரியும். மணல் மூட்டைகளுக்கு முன்பே, எல்லோருக்கும் முதலில் இம்பி ஏறினாள். சுவரில் இருக்கும் பெரிய வட்ட முகப்பில் முள் நூற்று நாற்பதுக்கு வந்து நின்றது. கீழேயிருந்து ஒரே கூச்சல்.

"பூட்ஸ் மட்டும் பத்துப் பவுண்டுடி!" என்று உள்ளேயிருந்து கத்தினாள். "எழுதறவரே, கழிச்சு எழுதுங்க!"

பிறகு கதவு வழியே தலையை நீட்டி என்னைத் தேடினாள். "ஐலி, உன் முத்திரை இருக்கில்ல? அப்புறம் என்ன பயம்?"

அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். தாடையைக் கையால் பிடித்துக்கொண்டு, பல் வலிக்கிறவளைப் போல நின்றேன்.

சுப்பீரியர் ஏரிக்கு மேலே பனிப்புயல் வந்தது. இழுத்துப்போன விமானத்துக்கும் கிளைடருக்கும் இடையே கயிற்றோடு சுற்றிய ஒரு தொலைபேசிக் கம்பி உண்டு. இழுத்துப்போன விமானி விசாரணையில் சொன்னது இவ்வளவுதான். கம்பியில் மரம் முனகும் சத்தம் கேட்டது. ஒரு பெண் சிரித்தாள். "எவ்வளவு அமைதியா இருக்கு" என்றாள். பிறகு கயிறு லேசாகிவிட்டது.

ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. ஏரி உருகிய பிறகும். திட்டத்தையே கைவிட்டார்கள், இரண்டாவதை உடைத்துப் பார்க்கவும் இல்லை.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருந்தது. அன்று பறந்தது எந்த இறக்கை? கொட்டகையில் நிற்கும் விமானத்தின் இடது இறக்கைக்குள் இம்பியின் அந்தக் காபி வரி இருந்தால், குளிரில் ஒட்டியது இங்கேயே தங்கிவிட்டது என்று அர்த்தம். அவளைக் கொன்றது புயல். அந்த வரி இல்லையென்றால், நான்.

ஏணியை இறக்கைக்கு அடியில் நிறுத்தினேன். ஏணி தரையில் நின்றது, எடைமேடையில் இல்லை. இதை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். சுவரில் முள் பூஜ்யத்தில் இருந்தது.

ரம்பத்தின் முனையைப் பலகையில் வைத்து அழுத்தினேன். தூள் கண்ணில் விழுந்தது. வெறும் மரத்தூள். அதற்குப் பழைய பெஞ்சுகளின் வாசனை இருந்தது. ஒரு கை நீளம் அறுத்தேன். கை வலித்தது, நிறுத்தினேன்.

அறுக்கும் சத்தம் நின்ற பிறகும் ஏதோ ஒரு சத்தம் மிச்சமிருந்தது.

இறக்கைத் துணி முனகிக்கொண்டிருந்தது. காற்று வேகமாக ஓடும்போது விறைப்பான துணி தரும் சத்தம், தாழ்வாக, விடாமல். பறக்கும்போது வரும் சத்தம். வெளியே மரங்கள் அசையவில்லை. ஜன்னலில் பனி நேராக, செங்குத்தாக விழுந்துகொண்டிருந்தது.

முள்ளைப் பார்த்தேன்.

இருபது.

என் ரம்பத்தின் அழுத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். கையைக் கீழே இறக்கிக்கொண்டேன்.

நாற்பது. அறுபது.

உள்ளே, விமானத்தின் தரைப்பலகை ஒன்று கிரீச்சிட்டது. ஒருவர் ஒரு காலை வைத்து, நம்பலாமா என்று பார்த்துவிட்டு, மறுகாலையும் வைப்பதுபோல.

நூறு. நூற்று இருபது.

நான் இறங்கி ஓடியிருக்கலாம். ஆனால் பயத்தைவிடப் பெரியதாக ஒன்று என்னிடம் மூன்று வருஷமாக இருந்தது. அது என்னை ஏணியிலேயே பிடித்து வைத்தது. மீதிப் பக்கங்களையும் அறுத்தேன். பலகைத் துண்டு கழன்று தரையில் விழுந்தது. கைவிளக்கை உள்ளே நீட்டினேன்.

விலாச்சட்டத்தில் பென்சில் எழுத்து இருந்தது.

*பையா, நீ யாரோ எவனோ, பத்திரமா எறங்கு. ஹில்யா. நவம்பர் 3.*

ஹில்யா பகல் வேலைக்காரி. நவம்பர் மூன்று, முதலாவது இடது இறக்கையை ஒட்டிய நாள். கூடம் வெதுவெதுப்பாக இருந்த நாள். நல்ல இறக்கை இங்கே, ஒரு மணல் மூட்டைகூடச் சுமக்காமல், நிழலில் நின்றுகொண்டிருந்தது.

மற்றது பறந்துபோயிருந்தது.

ஏணியின் மேல் படியில் உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. புயலா நானா என்று இரண்டுக்கும் நடுவே இருந்தவரை எனக்கு ஓர் இடம் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. அந்த இடம் போய்விட்டது. இனி உலகத்தில் நான் மட்டும் இதைத் தெரிந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

முள் நூற்று நாற்பதில் நின்றிருந்தது. ஆடவில்லை.

அப்போது விமானிகளின் அறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பூச்சி சிறகடிப்பது போன்ற, உலோகத்தில் உரசும் சின்னச் சத்தம். கொக்கியில் மாட்டியிருந்த தொலைபேசிக் காதுக் கருவியிலிருந்து.

ஏணியிலிருந்து இறங்கி மூக்குப் பக்கம் போனேன். தொலைபேசிக் கம்பி மூக்கின் அடியிலிருந்து வெளியே வந்து ஒரு சாண் நீளம் தொங்கி, அறுந்த முனையோடு நின்றிருந்தது. செம்பு இழைகள் பச்சை பூத்திருந்தன. அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. தொட்டுப் பார்த்தேன். விரல் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குக் குளிர்ந்திருந்தது.

உள்ளே ஏறினேன். நாற்பது இருக்கைகள், எல்லாம் காலி. முன்வரிசையில் இடப்பக்க இருக்கையின் வார் மட்டும் பூட்டியிருந்தது, எதையோ இறுகப் பிடித்ததுபோல, காற்றில் வளைந்து. அந்த இருக்கையைத் தொடாமல் ஒதுங்கி நடந்தேன். பேருந்தில் உட்கார்ந்திருப்பவரின் முழங்காலைத் தாண்டிப் போவதுபோல.

காதுக் கருவியை எடுத்துக் காதில் வைத்தேன்.

முதலில் காற்று. வெகு உயரத்தின், அகலத்தின் காற்று.

"ஐலியா?"

கருவியை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஐலி, நீதானடி? காபி கொண்டு வந்தியா?"

"டிரக்குல இருக்கு." என் குரல் யாருடையதோ போல வந்தது.

"ரொம்ப நேரமாக் கேட்டுக்கிட்டே இருக்கேன். யாரும் எடுக்கல." அவள் கோபமாக இல்லை. அலுத்துப்போனவள்போல இருந்தாள். "எல்லாம் வெள்ளையா இருக்குடி. மேல எது கீழ எதுன்னு தெரியல. சத்தமே இல்ல. தரை இன்னும் வரல. நாங்க எறங்கிட்டமா இல்லியான்னு யாராவது சொன்னாத்தான தெரியும்?"

பொய் சொல்ல நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். மூன்று வருஷம் பழகிய வாய் அது.

"இம்பி, அந்த எறக்கை என்னோடது. ராத்திரி பாய்லர் அணைஞ்சு போச்சு. பசை காயல. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் முத்திரை குத்தினேன்."

காற்று.

"பாய்லர்னா உர்ஹோவா?"

"ஆமா."

"வேட்டைக்கா போனான்?"

"ஆமா."

"கெடச்சுதா?"

"என்னது?"

"மான்டி. மான் கெடச்சுதா அவனுக்கு?"

"இல்ல. ஒண்ணும் கெடைக்கல. சளி பிடிச்சுத்தான் திரும்பி வந்தான்."

"அடப்பாவி," என்றாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். பசை மேஜையில், விரல்களை ஊதிக்கொண்டே சிரித்தது. அது என் காதில் இருந்தது. அதே நேரம் எனக்குப் பின்னால், முன்வரிசை இடப்பக்கத்திலும் இருந்தது. நான் திரும்பவில்லை.

"பல்லு?" என்றாள்.

"வலிக்கவே இல்ல. பொய்."

"அது எனக்கு அப்பவே தெரியும். உனக்கு உசரம் பயம்னு நெனச்சேன். ஐலி, குளிருதுடி. சொல்லு. எறங்கிட்டமா?"

"எறங்கிட்டீங்க," என்றேன். "ரொம்ப நாளாச்சு, இம்பி."

"அப்ப நான் எறங்கறேன்."

"மத்தவங்க? லெப்டினன்ட்?"

"அவங்க நம்பமாட்டேங்கறாங்க." அவள் குரல் தாழ்ந்தது, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல. "அவங்க இன்னும் தரையத் தேடிட்டு இருக்காங்க."

காதுக் கருவி செத்துப்போனது. வெறும் உலோகமும் ரப்பரும் கையில் இருந்தன.

எனக்குப் பின்னால் வாரின் கொக்கி கழன்றது. ஒரே ஒரு கிளிக்.

திரும்பியபோது அந்த இருக்கையின் வார் இரண்டு பக்கமும் தளர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. கீழே இறங்கினேன். துணியின் முனகல் நின்றிருந்தது. வாழைப்பழ வாசனை போய், தூசி வாசனை வந்திருந்தது, மூடிக்கிடந்த எந்த இடத்திலும் வருவதுபோல. முள் பூஜ்யத்தில் இருந்தது. என் மனசுக்குள் ஏதோ ஒன்றும் அதுபோல மெல்லத் திரும்பிப் பழைய இடத்தில் நின்றது. விட்டுவிட்டாள், போய்விட்டாள் என்று நினைத்தேன். நிம்மதியும், அதைவிட அதிகமாக, கைவிடப்பட்ட உணர்வும் சேர்ந்து வந்தன. குற்றமாவது இத்தனை நாள் துணைக்கு இருந்தது.

ரம்பத்தை டிரக்கின் பின்னால் போட்டேன். அறுத்தெடுத்த பலகையைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. நான்கு மணிதான், ஆனாலும் வெளிச்சம் நீலமாகிக்கொண்டிருந்தது. தூரத்தில் காட்டுக்குள் ஒரு துப்பாக்கி வெடித்தது. பிறகு ஒன்றுமில்லை.

வாசலில் எடைமேடைமேல் நிறுத்தினேன். பெலாங்கர் குண்டை நகர்த்தினார், நிறுத்தினார், திரும்ப நகர்த்தினார்.

"என்னத்த ஏத்திட்டு வந்த?"

"ஒண்ணும் இல்லியே."

"மூவாயிரத்து ஐந்நூத்தி இருவது காட்டுது. நூத்தி நாப்பது கூட." அவர் பின்னால் போய்ப் பார்த்தார். ரம்பத்தைத் தூக்கிப் பார்த்தார். குனிந்து அடியிலும் பார்த்தார். "பனி ஒட்டியிருக்குமோ?"

அவர் மறுபக்கமாகச் சுற்றி வந்தார். பக்கத்து இருக்கையின் ஜன்னலுக்கு நேராக வந்ததும் நின்றார். உள்ளே எதைப் பார்த்தார் என்று தெரியவில்லை. அவர் முகத்தைத்தான் நான் பார்த்தேன். பெண்பிள்ளை ஒருத்தி எதிரே வரும்போது செய்வதுபோல, மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார். பனி அவருடைய வழுக்கையில் விழுந்தது.

"மூவாயிரத்து முந்நூத்தி எம்பதுன்னே எழுதிக்கறேன்," என்றார். "நீ போ, ஐலி. பத்திரமாப் போ."

ஏரிக்கரைச் சாலையில் ஒரு வண்டியும் இல்லை. வலப்பக்கம் முழுக்க வெள்ளை. தண்ணீர் எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. நான் பக்கத்தில் பார்க்கவில்லை. டிரக் ஒவ்வொரு வளைவிலும் அந்தப் பக்கமாகச் சற்றே தாழ்ந்து சாய்ந்தது.

ஓர் இடத்தில் ஓரமாக நிறுத்தினேன். ஜன்னல் கண்ணாடிகள் இரண்டும் மூடியிருக்கின்றனவா என்று பார்த்தேன். மூடியிருந்தன. பிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் காபி ஊற்றி, பக்கத்து இருக்கையின் முன்னால் இருந்த தட்டில் வைத்தேன்.

"சூடா இருக்கு," என்றேன்.

ஆவி நேராக மேலே எழும்பியது. கொஞ்ச நேரம்தான்.

பிறகு அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது. அங்கே யாரோ ஊதி ஊதி ஆற்றுவதுபோல.